பீலியடியில் நிரம்பிய கோப்பை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போகும் இந்தச் சம்பவத்தில் பாதி இடத்தில் நான் கத்திக்கொண்டிருப்பேன். யாரைப் பார்த்துக் கத்தினேனோ அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயடைத்துப்போகிறது.

மார்புநோய் கிளினிக் ஒன்றில் சளி பரிசோதிப்பது என் வேலை. சொன்னதும் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சாப்பிடும்போது மட்டும் உன் வேலையைப் பற்றிப் பேசாதே என்று வீட்டுக்காரர் கல்யாணமான முதல் வாரமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆனால் நான் பார்ப்பதை ஒருமுறை அவர் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.

சளியைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தேய்த்துக் காயவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்குவோம். பிறகு அமிலம். அமிலம் பட்டதும் கண்ணாடியில் உள்ளதெல்லாம் வெளுத்துப்போகும். காசநோய்க் கிருமி மட்டும் வெளுக்காது. எத்தனை ஊற்றினாலும் குடித்த சிவப்பை விடாது. கடைசியில் நீலச் சாயம் போட்டுக் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நீலத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மெல்லிய சிவப்புக் குச்சிகள். முதல்முறை பார்த்தபோது மூச்சு விட மறந்துபோனேன். இத்தனை வருடமாகியும் முதல் குச்சி கண்ணில் படும்போது முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

மற்றக் கிருமிகள் அரை மணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும். இதற்கு ஒரு நாள் கிட்ட வேண்டும். அவசரமே கிடையாது. ஆளுக்குள் புகுந்து, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, தோதான காலம் வந்ததும் எழும்பும். அந்தப் பொறுமையில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் இந்தப் பிழையே நடந்திருக்காது.

எங்கள் கிளினிக்கில் தமிழ் பேசுகிற ஆள் நான் ஒருத்திதான். கொடகவெலப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒற்றை அறை வரிசையில், பிறந்து வளர்ந்தவள். அதனால் தோட்டங்களில் பரிசோதனை முகாம் வைத்தால் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுவிடுவார்கள். அந்த முறை போனது தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு. பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஆட்டோ, ஆட்டோ திணறுகிற இடத்திலிருந்து நடை. கீழே ரப்பர், மேலே தேயிலை, நடுவில் அட்டைக்கடி.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்களுக்குத்தான் சளிக் கோப்பை கொடுப்போம். அதுதான் முறை. ஆளுக்கு மூன்று தடவை சளி வேண்டும். ஒன்று அந்த இடத்திலேயே, ஒன்று மறுநாள் காலை எழும்பியதும், இன்னொன்று அந்தக் காலைக் கோப்பையைத் தருகிற நேரத்தில். இதில் பெரிய தலைவலி, பாதிப்பேர் சளிக்குப் பதிலாக எச்சிலைத் துப்பிக் கொடுப்பது. அதுவும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த முறை நான் ஒரு வேலை செய்தேன். முகாமுக்கு முதல்நாள் உட்கார்ந்து, எல்லாக் கோப்பைகளிலும் நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டேன். மறுநாள் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடியிருந்தவர்களுக்கு முன்னால் ஒரு கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"நல்லாப் பாத்துக்கங்க. சளி இந்தக் கோடு வரைக்கும் வரணும். கோட்டுக்குக் கீழ இருந்தா செல்லாது. திருப்பி அனுப்பிடுவேன்!"

எல்லாரும் தலையாட்டினார்கள். இவ்வளவு அழகாக விளங்கிக்கொள்கிறார்களே என்று எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

கோப்பை வாங்கியவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா இருந்தார். லயத்தின் கடைசிக் காம்பராவில் குடியிருப்பவர். மாதக்கணக்கில் வறட்டு இருமல், விறகுப் புகையால் வந்திருக்கலாம். முகாமில் எத்தனை முக்கியும் அவருக்குச் சளி வரவில்லை. கொஞ்சம் எச்சில்தான் வந்தது. "நாளைக்குக் காலையில கோடு வரைக்கும் வரணும் அக்கா" என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் தோட்டத்துச் சுகாதாரத் தொண்டர் பெண் எல்லாருடைய கோப்பைகளையும் பெட்டியில் அடுக்கி பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசிக் காம்பரா அக்காவின் காலைக் கோப்பை கோட்டைத் தொட்டுக்கொண்டு சரியாக நின்றது. மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கோப்பையின் கண்ணாடியைப் பார்த்தபோது நீலமே குறைவாகத் தெரிந்தது. அவ்வளவு சிவப்புக் குச்சிகள். தனித்தனியாகவும் கூட்டங்கூட்டமாகவும், பார்க்கிற இடமெல்லாம். ஆனால் அதே அக்காவின் முதல் சளியிலும் மூன்றாவது சளியிலும் ஒரு குச்சிகூட இல்லை. அக்காவைக் கிளினிக்குக்கு வரவழைத்து எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு, என் கோபம் தெரிந்தவர் என்பதால், மெதுவாகச் சிங்களத்தில் கேட்டார், கண்ணாடி ஏதும் மாறிப்போயிருக்குமா என்று.

நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டு, கோப்பையில் மிச்சமிருந்த சளியிலிருந்து அவர் முன்னாலேயே புதுக் கண்ணாடி செய்தேன். அதே சிவப்பு. அந்த முகாமில் வந்த மற்ற எல்லாக் கோப்பைகளையும் மறுபடி பார்த்தேன். எதிலும் கிருமி இல்லை. மாறிப்போவதற்கு வேறு கோப்பையே இல்லை.

டொக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார், "அப்படியென்றால் இந்தச் சளிக்கு உரிய ஆள் அந்தத் தோட்டத்தில் மருந்தில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறார்."

அந்த ஆள் பேசினால், பாடினால், இருமினால் காற்றில் கிருமி கலக்கும். லயத்துக் காம்பராக்கள் எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியும், அதில் இருந்துகொண்டுதான் நான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

ஞாயிற்றுக்கிழமை என் லீவு நாள். தோட்டத்திலும் அன்று வேலை இல்லை. டொக்டரிடம் சொல்லிவிட்டு, பத்துப் பன்னிரண்டு வெறுங் கோப்பைகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நான் போனபோது பெண்கள் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து குழாய் வழியாக விழுகிற தண்ணீர், சுற்றிலும் கல், அதுதான் அந்த லயத்துக்குக் குளிக்கவும் துவைக்கவும் பல் விளக்கவும் இடம். கடைசிக் காம்பரா அக்காவும் இருந்தார். நான் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு நேராக அவரிடம் போனேன்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. அந்தக் காலைக் கோப்பையில இருந்தது யாரோட சளி?"

"என்னோடதுதாங்க மிஸ்."

"உங்களோடது இல்ல. எனக்குப் பொய் சொன்னா புடிக்காது. யாரோ ஒருத்தருக்கு இந்த நோய் வருத்தம் இருக்கு, நீங்க மறைக்கிறீங்க. மறைச்சா அந்த ஆளு செத்துப்போகும், விளங்குதா?"

அக்கா கையில் இருந்த துணியை முறுக்கிக்கொண்டே நின்றார். கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளையோடு நின்ற ஒருத்தி சிரித்தாள். முப்பது வயதிருக்கும். முகாமிலும் எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டு வரிசையைக் கலைத்தவள், மனதுக்குள் நான் சிரிப்புக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். அந்த மலையிலேயே அவளைவிட வேகமாகத் தேயிலைக் கொழுந்து எடுக்க ஆளில்லை என்று தொண்டர் பெண் சொல்லியிருந்தாள்.

"சொல்லிடுங்கக்கா, மிஸ் கண்ணாலயே எரிச்சுடுவாங்க போல" என்றவள், என் பக்கம் திரும்பினாள். "மிஸ், அக்கா பாவம். விடியக் காலையில எம்புட்டு இருமுனாலும் வரலீங்க. கோட்டுக்குக் கீழ இத்துணூண்டுதான் இருந்திச்சு. நீங்க திருப்பி அனுப்பிடுவேன்னீங்களா, பெரட்டுக்கு வேற நேரமாகிருச்சு, ஒரே அழுகை. நாங்க இங்கதான் பல்லு வெளக்கிக்கிட்டு நின்னோம். சரி போகட்டும்னு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுவிட்டோம்."

"போட்டுவிட்டீங்களா? சளியவா?"

"கொழுந்து கொறஞ்சாப் போடுறதில்லையா மிஸ்? அது மாதிரிதான்."

எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது. வெளியாளுக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கொழுந்து எடுப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர்தான் விழும். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு வயிற்றில் பிள்ளை, ஒருத்திக்கு அன்றைக்குக் கை ஓடவில்லை என்றால், நிறுக்கிற இடத்துக்குப் போகும் வழியில் பக்கத்து நிரைக்காரிகள் தங்கள் சாக்கிலிருந்து ஒரு கை, இரண்டு கை அள்ளி அவள் சாக்கில் போட்டுவிடுவார்கள். கேட்கவும் மாட்டார்கள், சொல்லிக்காட்டவும் மாட்டார்கள். நான் வயிற்றில் இருந்தபோது என் அம்மாவுக்கு அப்படி விழுந்த முழுப்பேர்களை எண்ண முடியாது. இவ்வளவும் தெரிந்த நான், இந்தப் பெண்கள் முன்னால் நின்று ஒரு பாத்திரத்தில் கோடு போட்டுக் காட்டி, இதற்குக் குறைந்தால் செல்லாது என்று கத்தியிருக்கிறேன். அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அடக்க முடியாமல் சிரித்தேன். கல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர. அவர்களும் சிரித்தார்கள். அப்போதுதான் உறைத்தது.

"எத்தன பேரு போட்டீங்க?"

"அஞ்சு பேரு. எல்லாரும் இங்கதான் நிக்கிறோம்."

ஐந்து பேரில் ஒருத்தி. அந்த ஒருத்தி இப்போது என் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் சிரிப்பை நிறுத்திவிட்டு விளக்கமாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் விலகி நிற்பார்கள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் விலகியிருப்பேன். அந்த ஐந்து பேரில் யாரும் ஓரடிகூட நகரவில்லை.

"கோப்பையக் குடுங்க மிஸ், பாத்துருவோம்" என்று முதலில் கையை நீட்டினவள் சிரிப்புக்காரிதான்.

கோடில்லாத கோப்பைகளைக் கொடுத்தேன். பீலிக்கு மேலே, கொய்யா மரத்தடியில், காற்றோட்டமான இடத்தில் ஒவ்வொருத்தியாகப் போய் இருமிவிட்டு வந்தார்கள். மறுநாள் காலைச் சளிக்கும் இன்னொரு கோப்பை கொடுத்துவிட்டு வந்தேன். யாராக இருக்கும் என்று நான் திரும்புகிற பஸ்ஸிலேயே முடிவு கட்டியிருந்தேன். ஐந்து பேரில் ஒருத்தி ஒல்லியாக, கன்னம் ஒட்டி, சோர்ந்து நின்றாள். அவளேதான் என்று டொக்டருக்குச் சொல்லவும் சொன்னேன்.

ஒல்லிப் பெண்ணின் கண்ணாடியைத்தான் முதலில் பார்த்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவதில் இல்லை, மூன்றாவதில் இல்லை, நான்காவதிலும் இல்லை. ஐந்தாவது கண்ணாடியை வைத்து, எண்ணெய் சொட்டி, திருகைத் திருப்பினேன். முதல் இடத்திலேயே சிவப்பு. கோப்பையின் எண்ணைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். சிரிப்புக்காரி.

அவளுக்கு இருமல் இல்லை. பீலியடியில் கேட்டபோது, சட்டை கொஞ்சம் தொளதொளவென்று ஆகியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள், அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்கள் முறைப்படி அவளுக்கு யாரும் கோப்பை கொடுத்திருக்கமாட்டார்கள். இன்னும் எத்தனையோ மாதம் மூட்டை மூட்டையாகக் கொழுந்து சுமந்து, பின்னேரம், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முத்தம் கொடுத்துக்கொண்டு இருந்திருப்பாள். என்னுடைய முறை அவளை விட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் குறைகிறதே என்று அவள் இரங்கியதுதான் அவளைக் காட்டிக்கொடுத்தது. நான் கோயில் குளம் என்று அதிகம் போகிறவள் இல்லை. அன்றைக்கு அந்த நுணுக்குக்காட்டிக்கு முன்னால் எனக்குக் கைகூப்பத் தோன்றியது, கூப்பினேன்.

டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, ஐயோ என்பதுபோலச் சிங்களத்தில் "அனே" என்று மட்டும் சொன்னார்.

கிளினிக்குக்கு அவள் பிள்ளையோடு வந்தாள். விஷயத்தை நான்தான் தமிழில் சொன்னேன். ஆறு மாத மருந்து, ஒழுங்காகக் குடித்தால் முழுதாகச் சுகமாகும் என்று சொன்னேன். அவள் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எம்புள்ளைக்குக் குடுத்துட்டேனா மிஸ்?"

அதற்குப் பதில் சொல்ல இரண்டு மூன்று நாள் பிடித்தது. பிள்ளையின் எக்ஸ்ரேயும் மற்றப் பரிசோதனைகளும் சுத்தமாக இருந்தன. வராமல் தடுக்கிற மருந்தை ஆரம்பித்தார்கள். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த புருஷனும் வந்து பரிசோதித்துக்கொண்டான், அவனுக்கும் ஒன்றுமில்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நான் போனில் சொன்னபோது அவள் அழுதாள். நானும் அழுதேன், எனக்கு அதை ஒளிக்கத் தெரியவில்லை.

மருந்து தொடங்கிய முதல் வாரம் சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று பதறிக்கொண்டு போன் எடுத்தாள். அது மாத்திரையின் நிறம் என்று நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன், கேட்டால்தானே என்று அவளையும் திட்டினேன். லயத்தில் எல்லாரும் தங்கமாக நடந்துகொண்டார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும். அவள் பீலிக்கு வந்தால் வாளியோடு திரும்பிப் போனவர்கள் இருந்தார்கள். பிள்ளைக் காம்பராவில் அவள் பிள்ளையைத் தனியாக உட்காரவைக்கச் சொன்ன ஒரு தாயும் இருந்தாள். ஆனால் கடைசிக் காம்பரா அக்கா தினமும் பெரட்டுக்கு முன்னால் வந்து, இஸ்தோப்பில், அவள் காம்பராவின் முன்திண்ணையில், நின்று, அவள் மாத்திரை விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நகரமாட்டார். தொண்டர் பெண் வந்தாலும் சரி, அக்காவும் பார்த்தே ஆகவேண்டும். "எனக்காகத் துப்பப்போயித்தானே புள்ள மாட்டுச்சு" என்றார் என்னிடம். அதனால்தான் தப்பித்தாள் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் தலையில் ஏறவில்லை.

இரண்டு மாதம் முடிந்ததும் மறுபடி சளி எடுக்கவேண்டும். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும். தொண்டரிடம் விடாமல் நானே போனேன். முதல்நாள் பின்னேரமே தெரணியகலைக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடிந்ததும் ஆட்டோ பிடித்தேன். பீலியடியில் வழக்கமான கூட்டம். சிரிப்புக்காரி கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்து, தலை சீவிப் பூ வைத்து நின்றாள். கோப்பையைக் கொடுத்தேன்.

"கோடு எங்க மிஸ்?"

"கோடு கிடையாது. இருமுங்க."

கொய்யா மரத்தடிக்குப் போனாள். இருமினாள். குனிந்து, நெஞ்சைப் பிடித்து, மறுபடி இருமினாள். மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. வெகுநேரம் கழித்துக் கோப்பையைக் கொண்டுவந்து காட்டினாள். அடியில் கொஞ்சம் எச்சில், அவ்வளவுதான். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"வரமாட்டேங்குது மிஸ். உள்ள ஒண்ணும் இருக்கிற மாதிரியே தெரியல."

பீலிப் பக்கமிருந்து மற்ற நால்வரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கடைசிக் காம்பரா அக்கா வாயிலிருந்த பல்பொடியைத் துப்பிவிட்டு இரண்டடி முன்னால் வந்தார்.

"கொறையுது போல மிஸ். நாங்க வேணும்னா..."

"ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லயத்து நாய் குரைத்தது. அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வேறு யார் இவ்வளவு எச்சிலைக் கொடுத்திருந்தாலும் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துத் திட்டியிருப்பேன். கண்ணாடி செய்து, சாயம் ஊற்றி, கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தேன். நூறு இடம் பார்க்கவேண்டும் என்பது கணக்கு. நூறு பார்த்தேன். எல்லாம் நீலம். நம்பாமல் இன்னொரு நூறு பார்த்தேன். ஆரம்பத்தில் நீலத்தையே மறைத்துக்கொண்டு கிடந்த அத்தனை சிவப்பும், அமிலத்துக்கே மசியாத அத்தனை பிடிவாதமும், ஒருத்தி தினமும் காலையில் விழுங்கிய மாத்திரையில் போயே போய்விட்டிருந்தது. இன்னும் நான்கு மாதம் மருந்து இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் என்னால் இருக்கையில் இருக்க முடியவில்லை.

போன் போட்டேன். வேலை நேரம், மலையில் நின்றுதான் எடுத்தாள். சுற்றிலும் பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

"மிஸ், ரொம்பக் கொறச்சலாக் குடுத்துட்டேன். அரைப்பேருதான் விழுமா?"

"இல்ல தங்கச்சி" என்றேன். "முழுப்பேரு."

"முழுப்பேராம்க்கா!" என்று அவள் மலைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். பிறகு அவள் சிரித்தாள்.